சமரசம் பேச வருபவர் இதற்கு முன் என்ன வேலை பார்த்தார்?

பிணக்குத் தீர்வு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தப் போகிறவர்கள் முதலில் புரட்டுவது அதன் தலைவர்களின் அறிமுகக் குறிப்பைத்தான். பெயருக்குப் பின்னால் நாலைந்து பட்டம், கீழே '25 ஆண்டு அனுபவம்' என்று ஒரு வரி. எதில் 25 ஆண்டு என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. கேட்டாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 14 ஆண்டு வழக்காடிவிட்டுச் சமரசப் பணிக்கு வந்தவன். வந்த புதிதில் நடந்த ஒரு அமர்வு இது. யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். சேர்ந்து தொழில் நடத்திய இரண்டு பங்குதாரர்கள் பிரியப் போகிறார்கள். என்னோடு இணைச் சமரசராக உட்கார்ந்தவர் பல வருடம் செவிலியராக இருந்து, பிறகு உளவியல் ஆலோசகர் ஆனவர்.

நான் ஒப்பந்தத்தை விரித்து வைத்துக்கொண்டு ஏழாவது ஷரத்திலேயே நின்றேன். விலகுபவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது என்பது அதில்தான் இருந்தது. அரை நாள் போனது, பேச்சு ஒரு அடிகூட நகரவில்லை. இடைவேளை முடிந்து உட்கார்ந்ததும் என் சகா மூத்த பங்குதாரரிடம் மெதுவாகக் கேட்டார்: "காலையிலிருந்து மூன்று தடவை 'அந்த அறை' என்று சொல்லிவிட்டீர்கள். எந்த அறை?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்புறம் சொன்னார். அறுவைச் சிகிச்சைக்காக ஆறு வாரம் விடுப்பில் இருந்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய அறையில் வேறு ஒருவர் இருக்கிறார். இவருடைய பொருட்களெல்லாம் இரண்டு அட்டைப் பெட்டிகளில், தாழ்வாரத்தில். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே இருந்தவர், "பெட்டியிலா போட்டிருந்தார்கள்?" என்றார். இடம் மாற்றச் சொன்னது அவர்தான், ஆனால் பெட்டியில் கட்டி வெளியே வைத்தது அவருக்கே தெரியாது. அதற்கு அவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஏழாவது ஷரத்துக்கு வேலை வந்தது.

'அந்த அறை' என்பது மூன்று தடவையும் என் காதிலும் விழுந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் அறையைப் பற்றி ஒன்றும் இல்லாததால் அதை ஒதுக்கிவிட்டேன். வக்கீலின் காது அப்படித்தான் பழகியிருக்கிறது. அதே அமர்வின் கடைசியில் இருவரும் கை குலுக்கிவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள், என் சகாவும் சரி என்றே இருந்தார். பணம் எந்தத் தேதிக்குள், எத்தனை தவணையில், தவறினால் என்ன என்பதை எழுதிக் கையெழுத்து வாங்காமல் நான் யாரையும் விடவில்லை. அதுவும் அதே வக்கீல் பழக்கம்தான்.

முந்தைய தொழில் யாரையும் அவ்வளவு எளிதில் விட்டுப் போவதில்லை. நீதிபதியாக இருந்தவரிடம் பொறுமையும் கனமும் இருக்கும். அதோடு, இரு தரப்பையும் கேட்டு முடித்ததும் தீர்ப்பு சொல்லும் வேகமும் வரும். மனிதவளத் துறையிலிருந்து வந்தவருக்கு அலுவலக மனக்கசப்பின் சந்துபொந்தெல்லாம் தெரியும். ஆனால் வருடக்கணக்காக நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்து பழகியவர் அவர். பொறியாளர் கோளாறு எங்கே என்று தேடுவார். கட்டுமானத் தகராறில் அது தங்கம், பாகப்பிரிவினையில் அதே கேள்வி 'யார் மேல் தப்பு' என்றுதான் கேட்பவர் காதில் விழும்.

இந்தத் துறையே ஒரே தொழில்காரர்கள் மட்டும் கட்டியது இல்லை. 1925-லேயே ஆக்கபூர்வமான மோதல் பற்றிப் பேசிய மேரி பார்க்கர் ஃபாலெட் சமூகப் பணியிலிருந்து வந்தவர். நூலகத்தில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கோ மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறையில் யாரும் இல்லை, அங்கே ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். காற்று வந்தது, நேரே முகத்தில் அடிக்கவில்லை. அவர் சொன்ன இந்த உதாரணம் இன்றும் பயிற்சி வகுப்புகளில் வருகிறது. பேச்சுவார்த்தை பற்றிய 'கெட்டிங் டு யெஸ்' நூலை எழுதிய ரோஜர் ஃபிஷர் சட்டப் பேராசிரியர், அவரோடு சேர்ந்து அதை எழுதிய வில்லியம் யூரி மானுடவியல் படித்தவர். 2005-ல் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாண அமைதி ஒப்பந்தத்துக்கு நடுவில் நின்ற ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அஹ்திசாரி ஆரம்பப் பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். அதனால் 'சட்டம் படித்தவர் இருந்தால் போதும்' என்று தேடாதீர்கள். தலைமையில் இருக்கும் இரண்டு மூன்று பேரும் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கும்.

நேரில் பேசும்போது இதைக் கேளுங்கள்: எங்கள் அறைக்குள் வந்து உட்காரப் போவது யார்? குறிப்பில் இருப்பது மூத்தவரின் பெயர், அமர்வுக்கு வருவது அவரிடம் சேர்ந்து ஆறு மாதமான இளையவர் என்பது நடக்கிறது. இளையவர் வருவதில் தப்பே இல்லை, முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சமரசப் பயிற்சி தனியாக எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். பல நாடுகளில் அடிப்படைப் பயிற்சியே சுமார் 40 மணி நேரம். அது தொடக்கம் மட்டுமே, அதன் பிறகு யாருடைய மேற்பார்வையில் எத்தனை அமர்வு நடத்தினார் என்பதுதான் பேச்சு. தன் கருத்தைச் சொல்லி ஒரு தீர்வை நோக்கித் தள்ளுபவரா, உங்களையே பேச வைப்பவரா என்பதும் தெரிய வேண்டும். இரண்டு வகையும் உண்டு. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து உட்கார வேண்டும்.

ஒரு தரப்பு மற்றவரைப் பார்த்துப் பயப்படுகிறது என்றால், குறிப்பாக அடி, மிரட்டல் நடந்த இடத்தில், மேலே சொன்ன எதையும்விட இது முக்கியம்: கூட்டு அமர்வுக்கு முன் இருவரையும் தனித்தனியாகச் சந்திக்கிறார்களா? அந்தப் பயத்தைக் கண்டுபிடிக்கப் பழகியவர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா? இல்லை என்றால் அந்த அறைக்குள் போக வேண்டாம். எவ்வளவு பெரிய பட்டமும் அங்கே உதவாது.

முன்பு யாருக்காக வேலை செய்தார் என்பதை அவரே சொல்ல வேண்டும், நாம் தோண்டி எடுக்கும்படி இருக்கக் கூடாது. என் குறிப்பில் இப்போது '14 ஆண்டு வழக்காடினேன், அதில் 9 ஆண்டு முதலாளிகள் தரப்புக்காக' என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஒரு தொழிலாளர் குழு, எனக்குப் பதிலாக என் சகா வர முடியுமா என்று கேட்டது. அவரே போனார்.