ஸ்ட்ரைக்கர்: முன்னால் நிற்பவரா, அடிப்பவரா?

நம்மில் பலருக்கு 'ஸ்ட்ரைக்கர்' அறிமுகமானது கேரம் பலகையில்தான். பவுடர் தூவி விரலால் சுண்டுவோமே, அந்தக் காய். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூர் முதல் நீரோடி வரை உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கால்பந்தோடு வரும் சொல்: அணிக்காகக் கோல் அடிப்பதையே முதல் வேலையாகக் கொண்ட ஆட்டக்காரர். அவரைத் தமிழில் என்னவென்று சொல்வது? அவர்கள் வாயில் கால்பந்து வெறும் 'பந்து', விளையாடுவது 'களிப்பது'.

மூலமான ஸ்ட்ரைக் என்ற வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் தடவு, வருடு என்றே பொருள். ஓங்கி அடிக்கும் பொருள் பிறகு ஏறியது. வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் ஸ்ட்ரைக்கும் இதே சொல்தான். பாயை இறக்குவதற்கும் கப்பல்காரர்கள் இந்த வினையைச் சொல்வார்கள். 1768-இல் லண்டன் துறைமுக மாலுமிகள் பாய்களை இறக்கிவிட்டுக் கப்பலை ஓட்ட மறுத்தார்கள்; வேலைநிறுத்தம் ஸ்ட்ரைக் ஆனது அப்படித்தான். பாய் கட்டி வள்ளம் ஓட்டிய பாட்டன்மாருக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.

தமிழுக்கு வருவோம். செய்தித்தாள்கள் 'முன்கள வீரர்' என்று எழுதுகின்றன. அது முன்னால் ஆடும் எவரையும் குறிக்கும் ஃபார்வர்டுக்குச் சரி; ஓரத்தில் ஓடுபவரும் அதில் அடக்கம். இரவிபுத்தன்துறையில் பிறந்து இந்திய அணி வரை போன மைக்கேல் சூசைராஜ் இடது ஓரத்து ஆட்டக்காரர். முன்கள வீரர் எனலாம், ஸ்ட்ரைக்கர் எனக் கூடாது. அவர் முன்பு ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19-இல் ஐ-லீக் என்ற இந்தியக் கால்பந்துத் தொடரை வென்றபோது 21 கோல் அடித்த பெத்ரோ மன்சி அசல் ஸ்ட்ரைக்கர். முன்களம் என்பது நிற்கும் இடம், ஸ்ட்ரைக்கர் என்பது செய்யும் வேலை. 1953-இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரியின் ஹிதெகுட்டி, வழக்கமாக முன்களத்தின் நடுவில் நிற்பவர் அணியும் 9-ஆம் எண் சட்டையோடு நடுக்களத்துக்கு இறங்கி வந்து ஆடினார். அவரைப் பிடிக்கப் பின்னால் போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று இங்கிலாந்தின் தடுப்பாளர்கள் திணறினார்கள். 6-3 என்று ஹங்கேரி வென்ற ஆட்டத்தில் 3 கோல் அவருடையவை.

ஆகவே வேலையைச் சொல்லும் 'தாக்குநர்' எனக்குப் பிடித்த சொல். ஓட்டுநர், நடத்துநர் வரிசையில் இயல்பாக உட்கார்ந்துவிடும். ('தாக்குனர்' என்று எழுத வேண்டாம், விகுதி 'நர்'.) படையின் முன்வரிசைக்குப் பழந்தமிழில் தார், தூசி என்ற பெயர்கள் உண்டு. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று தார் ரோட்டுக்குப் போய்விட்டது. 20 கோல் போட்டவரைத் தூசி என்றால் அடிக்க வருவார்.

ஒரே குறை, தாக்குநர் என்றால் கொஞ்சம் போர்வாடை அடிக்கிறது. கடற்கரை மணலில் பந்து உருளாது, புதையும். அங்கே இரண்டு செருப்பை நட்டுக் கோல்கம்பமாக்கிக் களிக்கும் பையன்கள் இத்தனை யோசிப்பதில்லை. "லேய் மக்கா, நீ கோலடிக்க நில்லு!" ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' என்று கோலை எண்ணுகிறார்கள், நாம் அடிக்கிறோம். பேச்சில் அதுவே போதும், எழுத்துக்குத் தாக்குநர்.