மினிட்ஸ் என்ற பொடி எழுத்து

பினாங்கு ஜார்ஜ் டவுன், லெபு பந்தாய்த் தெருப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்து இரண்டாவது வாரம். கூட்ட அறைக்குள் நுழையும்போது சீன மேனேஜர் திரும்பிப் பார்த்து, “டுடே யூ டேக் மினிட்ஸ் ஆ” என்றார். மினிட் தெரியாதா என்ன? நிமிடம். 10.05க்குக் கணக்குப் பிரிவு பேசியது, 10.12க்குக் கிடங்குப் பிரிவு பேசியது, 10.20க்கு டீ வந்தது என்று ஒன்றரை மணி நேரமும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. காகிதத்தைப் பக்கத்து மேசை அக்காவிடம் நீட்டினார். அவர்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“எத்தனை மணிக்குப் பேசினாங்கன்னு யாரு கேட்டா தம்பி? என்ன முடிவாச்சு, அதை யாரு செய்யணும், எந்தத் தேதிக்குள்ள. அதை எழுது.”

இதைவிடச் சரியான விளக்கத்தை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் முடிவுகளை எழுதுவதற்கு ஏன் நிமிடத்தின் பெயர் என்ற கேள்வி மட்டும் ரொம்ப நாள் உறுத்தியது.

லத்தீனில் மினூட்டுஸ் என்றால் சிறியது, பொடியானது. ஐரோப்பிய எழுத்தர்கள் ஒன்றைப் பதிவு செய்யும்போது முதலில் பொடி எழுத்தில் அவசரமாக ஒரு கச்சாப் படி எடுத்துக்கொள்வார்கள். ‘பொடி எழுத்து’ என்று பொருள்படும் மினூட்டா ஸ்கிரிப்டூரா அதுதான். பிறகு நிதானமாக உட்கார்ந்து பெரிய எழுத்தில் செம்பிரதி எழுதுவார்கள். அந்தப் பெரிய எழுத்து வேலையிலிருந்து வந்த சொல் எங்ராஸ். பத்திரத்தின் இறுதிப் படியை வக்கீல் அலுவலகங்களில் எங்ராஸ்மெண்ட் என்பது அதனால்தான். பொடி எழுத்துப் படியோ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து மினிட் ஆனது.

கடிகார மினிட்டுக்கும் இதே வேர்தான். ஒரு மணியை 60 ஆக நறுக்கினால் கிடைப்பது முதல் பொடித் துண்டு. அதை மறுபடி 60 ஆக நறுக்கினால் இரண்டாம் பொடித் துண்டு. நொடிக்குச் செகண்ட் என்று, அதாவது ‘இரண்டாவது’ என்று பெயர் வந்த கதை இது. நம் மணித்துளியில் இருக்கும் துளியும் சிறியதுதான். ஆக, கூட்டத்து மினிட்ஸும் கடிகார மினிட்டும் அண்ணன் தம்பி. சாப்பாட்டுக் கடை மெனுவும் இதே வீட்டுப் பிள்ளை. இன்னும் தேடினால் அமைச்சரைக் குறிக்கும் மினிஸ்டர்கூடத் தூரத்துச் சொந்தம். ‘சிறியவர், பணியாள்’ என்பதுதான் அதன் பழைய பொருள். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

மலாயில் கூட்டத்துக்கும் கடிகாரத்துக்கும் ஒரே மினிட். மினிட் மெஷுவாராட் என்பதில் பின்பாதி அரபி: கலந்து ஆலோசிப்பது. அரசாங்க அலுவலகங்களில் இதை வினைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். வந்த கடிதத்தின் மேல் மேலதிகாரி இரண்டு வரி எழுதி இன்னாருக்கு என்று அனுப்பினால், கடிதம் ‘டிமினிட்கன்’ ஆகிவிட்டது. அது பிரிட்டிஷ் கோப்புப் பழக்கத்தின் மிச்சம். கடலுக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவின் மேடானில் கேட்டால் நொத்துலென் என்பார்கள். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். அதன் லத்தீன் வேருக்குச் சின்னக் குறிப்பு என்று பொருள்.

சரி, தமிழில்? நம் சங்கக் கோப்புகளில் ‘கூட்ட அறிக்கை’ என்று நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒட்டவில்லை. அறிக்கை என்பது ஒருவர் தம் பொறுப்பில் வைப்பது: செயலாளர் அறிக்கை, பொருளாளர் அறிக்கை. மினிட்ஸைச் செயலாளரே எழுதினாலும் அது அவருடையது இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லாரும் சரி என்று ஒப்புக்கொண்டு, தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதற்கு மதிப்பு. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டமும் நிறுவனங்கள் இதைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்கிறது.

‘நடவடிக்கைக் குறிப்பு’ தவறில்லை. ஆனால் வேலையிடத்தில் நடவடிக்கை என்றாலே ஒழுங்கு நடவடிக்கைதான் ஞாபகம் வரும். “உங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன்” என்று ஒருவருக்கு வாட்ஸ்அப் போனால், பாவம், அன்று ராத்திரி அவர் தூங்கமாட்டார்.

என் ஓட்டு ‘கூட்டக் குறிப்பு’க்கு. குறி என்றால் அடையாளம். வளவளவென்று இழுக்காமல் அடையாளம் மட்டும் வைப்பது குறிப்பு. பொடி எழுத்தும் அதைத்தானே செய்தது? ஒரு சொல் விடாமல் எழுதுவது வேறு வேலை. நாடாளுமன்றத்தில் அது ஹன்சார்ட். அதற்கு நம்மிடமே ஒரு அழகான தொடர் இருக்கிறது: பட்டோலை கொள்ளுதல். திருவரங்கத்தில் நம்பிள்ளை பகலில் சொன்ன திருவாய்மொழி விளக்கத்தை, இரவில் வடக்குத் திருவீதிப் பிள்ளை அப்படியே ஏட்டில் எழுதிவைத்தார் என்பது வைணவ மரபு. ஈடு முப்பத்தாறாயிரப்படி என்ற உரை அப்படிக் கிடைத்ததுதான். ஆனால் அலுவலகக் கூட்டத்துக்குப் பட்டோலை கொண்டால் படிக்க ஆள் இருக்காது.

புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் கடைசியில் வரும் ‘ஸ்’ஸைக் கவனித்துக்கொள்ளுங்கள். டேக் எ மினிட் என்றால் கொஞ்சம் பொறு. டேக் த மினிட்ஸ் என்றால் குறிப்பு எடு. ப்ளீஸ் மினிட் தட் என்றால் இதைக் குறிப்பில் ஏற்று. அதே எழுத்துகளை மைன்யூட் என்று உச்சரித்தால் மிகச் சிறியது. அப்புறம் மேட்டர்ஸ் அரைசிங்: போன கூட்டக் குறிப்பிலிருந்து இன்னும் முடியாமல் நிற்கும் விஷயங்கள். ‘முன்குறிப்பின் தொடர்ச்சி’ என்று எழுதலாம். எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்க நிகழ்ச்சி நிரலில் மட்டும் இன்றுவரை ‘எழுந்த பிரச்சினைகள்’ என்றே அச்சாகிறது. தலைவர் அந்த வரியை வாசித்ததும் பின் வரிசையில் யாராவது ஒருவர் தவறாமல் எழுந்து, புதிதாக ஒரு பிரச்சினையைக் கிளப்புகிறார்.