வாசிக்கும்போது கேட்பது வேறு, வெளியே கேட்பது வேறு

போன மாதம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். ஆறு வருடமாகச் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறார். யாரிடமும் போய்க் கற்றதில்லை. முதலில் ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் மின்னணுப் பேட்), அப்புறம் யாரோ கொடுத்த பழைய செட், மீதியெல்லாம் யூடியூப். கையில் நல்ல வேகம் இருந்தது. 80 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 80 அடி என்று மெட்ரோனோம் க்ளிக்கை ஓடவிட்டு, சாதாரண பீட் ஒன்றை எட்டு பார் (ஒரு பாருக்கு நான்கு அடி) வாசிக்கச் சொன்னேன். நான்காவது பாரில் மட்டும் ஒரு ஃபில், அதாவது பீட்டுக்கு நடுவே வரும் சின்ன அலங்காரம். மொத்தமே 24 விநாடிதான்.

முடித்துவிட்டு, "கரெக்டா இருந்துச்சுல்ல மாஸ்டர்?" என்றார்.

மூலையில் ஒரு ஸ்பீக்கரிலும் அதே க்ளிக் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. அதைப் போட்டுக் காட்டினேன். ஃபில் முடிந்து விழுந்த கிராஷ் சிம்பல் அடி, க்ளிக்குக்கு முன்னாலேயே விழுந்திருந்தது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தோம். கிட்டத்தட்ட 40 மில்லிசெகண்ட் முந்தி. அந்த டெம்போவில் ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 750 மில்லிசெகண்ட்தான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா யாரும் சொல்லலையே" என்றார்.

யார் சொல்வார்கள்? பாடுகிறவர் தன் வரியைக் கவனிப்பார். கீபோர்டுக்காரர் நம்மோடு சேர்ந்தே ஓடிவிடுவார். முடிந்ததும் எல்லோரும் "சூப்பர்" என்பார்கள். அது அன்பில் சொல்கிற வார்த்தை, அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. நமக்கே ஏன் தெரிவதில்லை என்றால், வாசிக்கும்போது மனசு அடுத்த அடியில் இருக்கிறது. அடித்து முடித்த அடியைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

அதனால் தானாகக் கற்றவர்களிடம் நான் முதலில் சொல்வது: பதிவு செய்யுங்கள். பாட்டு முழுக்க வேண்டாம். இந்த எட்டு பார் போதும். மாதம் ஒரு முறை, அதே பீட், அதே 80. கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். போனை செட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் உடைந்து பிசிறும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி, ஏதாவது பையின் மேல் வையுங்கள். வாசித்த உடனே கேட்காதீர்கள். கை ஞாபகம் இன்னும் சூடாக இருக்கும், காதை ஏமாற்றிவிடும். மறுநாள் காலையில் கேளுங்கள்.

கேட்கும்போது ஒரு தடவைக்கு ஒரே விஷயம். முதல் தடவை கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) மட்டும். அடுத்து, ஸ்னேர் (நேர் முன்னால் இருக்கும் சின்ன டிரம்) அடி எல்லாம் ஒரே அளவில் விழுகிறதா. அப்புறம் ஹைஹேட், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் ஜோடி சிம்பல். தமிழ்நாட்டுச் சர்ச் பதிவுகளில் பாதிக்கு மேல் எனக்குக் கேட்பது ஹைஹேட்டும் கிராஷும்தான். "டிரம்ஸ் சத்தத்தக் குறைங்கப்பா" என்று முன்வரிசையில் ஒரு பெரியம்மா சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அவர் சொல்வது பெரும்பாலும் சரி. சிம்பல் பாடுகிறவர் குரலை மூடுகிறது என்பதைத்தான் அவர் பாஷையில் சொல்கிறார்.

ஆக்டோபேடிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதில் வால்யூம் பட்டனைத் திருப்பினால் ஒலி சமமாகிவிடும். செட்டில் அந்தப் பட்டன் உங்கள் மணிக்கட்டுதான். இத்தனை நாள் கிக்கையும் கையாலேயே தட்டிப் பழகியிருந்தால் கால் தூங்கிக்கொண்டே வரும்.

க்ளிக் போட்டுச் சாதகம் செய்கிறோமே என்பார்கள். நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பீட்டுக்கும் க்ளிக் அடித்துக்கொண்டே இருந்தால், நேரத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, நாம் அதன் விரலைப் பிடித்து நடக்கிறோம். 80 வேண்டுமென்றால் க்ளிக்கை 40-இல் வையுங்கள். அந்த அடிகளை இரண்டாவது, நான்காவது பீட்டாக வைத்து வாசித்துப் பாருங்கள். முதல் நாள் எரிச்சலாக இருக்கும்.

அதைவிட எளிய சோதனை நம் ஊரிலேயே இருக்கிறது. கொன்னக்கோல். வாயால் "தகதிமி தகதிமி" என்று சொல்லிக்கொண்டே வாசியுங்கள். மும்மூன்றாக வரும் இடத்தில் "தகிட" என்று மாறுங்கள். எங்கே வாய் நிற்கிறதோ அங்கே கணக்கு இல்லை என்று அர்த்தம். தூத்துக்குடித் தம்பிக்கு ஃபில்லின் மூன்றாவது பீட்டில் வாய் மூடிக்கொண்டது. கை ஓடிய இடமும் அதுவே.

இனி உடம்பு. எனக்கும் ஆரம்பத்தில் குரு கிடையாது. ஏழு வருடம் நானாக வாசித்தேன். ஆள்காட்டி விரலைக் குச்சியின் மேல் நீட்டி, மற்ற விரல்களால் இறுக்கிப் பிடிப்பேன். கட்டைவிரல் அடியில் கொப்புளம் வரும், உடையும், காய்க்கும். அதை உழைப்புக்குக் கிடைத்த பதக்கம் மாதிரி எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு ரெக்கார்டிங்கில் மூத்த டிரம்மர் ஒருவர் இடைவேளையில் கூப்பிட்டு, "தம்பி, குச்சி எங்கயும் ஓடிப் போயிடாது. ஏன் இப்படிக் கட்டிப் போட்டு வச்சிருக்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வரிக்குப் பிறகு பிடியை மாற்ற எனக்கு எட்டு மாதம் ஆனது.

குச்சி டிரம்மின் தோலில் பட்டதும் தானே எழும்பும். இறுக்கிப் பிடித்தால் அந்த எழும்பலைக் கொன்றுவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டால் தூக்க வேண்டியிருக்கும். டபுள் ஸ்ட்ரோக் (ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி) போட்டால் இரண்டாவது அடி நொண்டும். வீட்டுக்காரர் தொல்லைக்குப் பயந்து தலையணையில் மட்டுமே பழகுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் தலையணை குச்சியை எழுப்புவதில்லை. ரப்பர் பேட் ஒன்று வாங்கிவிடுங்கள். போனில் ஸ்லோ மோஷன் போட்டு, ஸ்னேர் உயரத்தில் நேரெதிரே வைத்து எடுங்கள். இடது கைக் குச்சி வலது கைக் குச்சியின் பாதி உயரம்கூட எழும்பாதது பளிச்சென்று தெரியும். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, இரவில் விரல்கள் மரத்துப்போனாலோ, சாதகத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். "பழகப் பழகச் சரியாகிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நான் சொன்னாலும்.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழிலாளர் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். பத்துக்குப் பத்து அறையில் ஒரு செட்டை ஓங்கி வாசித்தால் அந்த 100 சர்வசாதாரணம். சாதகம் முடிந்து வெளியே வந்ததும் காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால், அன்றைக்கு அளவு மீறிவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் பஞ்சுபோன்ற காதடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. என் இடது காதில், ஹைஹேட் இருக்கும் பக்கம், இரவில் ஒரு கீச்சு ஒலி இருக்கிறது. அது போகாது.

ஆட்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். பாடுகிறவரிடம், "எந்த இடத்துல மூச்சு வாங்க முடியல?" என்று கேளுங்கள். பேஸ் கிடார்காரரிடம், "எந்த இடத்துல நான் உங்கள விட்டுட்டுப் போறேன்?" என்று கேளுங்கள். நல்ல பேஸ் கிடார்காரர் ஒருவர் கூட இருந்தால் பாதி வாத்தியார் கிடைத்த மாதிரி.

மீதிப் பாதிக்கு வாத்தியார்தான் வேண்டும், அதுவும் எப்போதாவது. ரஷ் என்ற ராக் குழுவின் டிரம்மர் நீல் பீர்ட், இருபது வருடம் உலகமெல்லாம் வாசித்துப் பெயர் வாங்கிய பிறகு, நாற்பதைத் தாண்டிய வயதில் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் போய் உட்காரும் விதம், குச்சி பிடிக்கும் விதம் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார். ஐம்பதைத் தாண்டியும் ஜாஸ் டிரம்மர் பீட்டர் எர்ஸ்கினிடம் பாடம் எடுத்துக்கொண்டார். நம்மவர்கள் சிலருக்கு, "தானா கத்துக்கிட்டவன்" என்ற பெயர் போய்விடுமோ என்று பயம்.

மாதாமாதம் ஃபீஸ் கட்ட வசதி இல்லையா? மூன்று மாதத்துக்கு ஒரு வகுப்பு போதும். புதிதாக ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று வராதீர்கள். எட்டு பார் பதிவுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் வாசிக்கும் அதே குச்சியைக் கொண்டு வாருங்கள். அப்புறம், வீட்டில் உட்காருகிற ஸ்டூலின் உயரத்தை டேப் வைத்து அளந்து குறித்து வாருங்கள். அந்தத் தம்பி சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார், ஆறு வருடமாக.