அந்தக் கடகட சத்தம் இருக்கட்டும் விடுங்கள்

கோவை தடாகம் ரோட்டுப் பக்கம் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி 29 இஞ்ச் எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, மிதிக்காம விட்டா பின் வீல்ல கடகடன்னு சத்தம் வருதுங்க. சுத்தமா நிறுத்தித் தர முடியுங்களா?"

அது பழுது இல்லை. பின் வீலின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னக் கொக்கிகள் இருக்கும். நாம் மிதிக்காமல் உருளும்போது அவை ஒவ்வொரு பல்லாகத் தாண்டும், அந்தச் சத்தம்தான் அது. எதற்கு நிறுத்தணும் என்று கேட்டேன். போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். அமெரிக்காவில் ஒரு மலைப்பாதை. நாலு இஞ்ச் டயர் போட்ட சைக்கிளில் ஒருவர் முதுகில் வில்லோடு போகிறார். திரும்பி வரும்போது பின்னால் டிரெய்லரில் மான் கறி.

அங்கே அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மோட்டார் வண்டி போகக் கூடாதென்று கேட் போட்டு அடைத்த பழைய மரவெட்டு ரோடுகள் நிறைய. நடந்தால் அரை நாள் ஆகும் தூரத்தை சைக்கிளில் சத்தமில்லாமல் கடந்துவிடலாம். லைசென்ஸ், சீசன், எத்தனை உருப்படி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அப்படியும் 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காடுகளுக்குள் சைக்கிளை விடுவதில்லை. அங்கே இயந்திரப் போக்குவரத்தே கூடாது என்கிறது 1964-ஆம் ஆண்டுச் சட்டம், சைக்கிளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. வீடியோவில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

நம் ஊரில் கதையே வேறு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். சுட்டால்தான் வேட்டை என்றில்லை. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி வரவைப்பது, முயன்று பார்ப்பது எல்லாமே வேட்டைதான். முயலும் கௌதாரியும் இதில் அடக்கம். மாட்டினால் சைக்கிளும் போய்விடும், குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஹேண்டில்பாரில் ஏர்கன் மாட்ட ஒரு கிளாம்ப் அடித்துத் தரச் சொல்லி ஒருத்தர் வந்தார். நான் அடித்துத் தரவில்லை. பன்றி தோட்டத்தை அழிக்கிறது என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால் அதற்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து செத்த யானைகளைப் பற்றி இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"வேட்டைக்கெல்லாம் இல்லீங்கண்ணா. சத்தமில்லாம போயி யானை, மான் பாக்கலாம்னுதான்" என்றார் தம்பி. நம்பினேன். எனக்குப் பயம் வந்ததே அதனால்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இந்தக் கிறுக்கைச் செய்தேன். என் வண்டி ஹப்புக்கு நானே கெட்டி கிரீஸ் வைத்தேன். பூனை மாதிரி உருண்டது, பெருமையாக இருந்தது. விடிகாலையில் ஆனைகட்டியிலிருந்து மாங்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் திரும்பினால், ரோட்டோரம் பெண் யானை, காலடியில் குட்டி. நாற்பதடி இருக்கலாம். யானைக்குக் கண் பார்வை மந்தம், மூக்கும் காதும்தான் எல்லாம். காற்று என் பக்கம் வீசியதால் வாடை அதற்குப் போகவில்லை. சத்தத்தை நானே கொன்றுவிட்டேன். நான் வந்தது அதற்குத் தெரியவே இல்லை. பிரேக் கிறீச்சிட்டதும் காதை விரித்துக்கொண்டு திரும்பியது.

வண்டியைத் திருப்பி மேட்டில் ஏறி மிதித்தேன். பெடல் சும்மா சுற்றியது! கெட்டி கிரீஸில் கொக்கிகள் ஒட்டிக்கொண்டு பல்லில் விழவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். யானை நாலு எட்டு வைத்து நின்றுவிட்டது. குட்டியை விட்டு வர மனமில்லை போல. எனக்கு முழங்கால் தோலோடு போயிற்று.

ஹப்புக்கு அதற்குரிய லேசான கிரீஸோ எண்ணெயோ மெல்லிய பூச்சாகப் போதும். பேரிங்குக்கு வைக்கிற கிரீஸை அப்பினால் சத்தம் அடங்கும், ஆனால் ஏற்றத்தில் எழுந்து நின்று அழுத்தும்போது வழுக்கி, நெஞ்சு போய் ஹேண்டில்பாரில் இடிக்கும். இதைத் தம்பிக்கு ஹப்பைக் கழற்றியே காட்டினேன். யானை மாதிரியேதான் கரடியும். பெரும்பாலும் எதிர்பாராமல் கிட்டே போய்விட்டால்தான் பாய்கிறது. காட்டோர ரோட்டில் நாம் வருவது தூரத்திலேயே கேட்க வேண்டும். பேசிக்கொண்டே போங்கள், வளைவுக்கு முன்னால் மணி அடியுங்கள். விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்தும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ரோட்டை விட்டுக் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் இறங்கினால், சைக்கிளானாலும் அத்துமீறல்தான்.

அப்புறம் பிரேக். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு, திம்பம் 27, கொல்லிமலை 70. கீழே வந்து சேர்ந்த வண்டிகளில் டிஸ்க் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கிய சூட்டில் வருவது அது. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, அப்புறம் விட்டுவிடுங்கள். பிரேக் பேட் தேய்ந்து ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம் இருந்தால் மலைக்கே போக வேண்டாம்.

காடு வேண்டாம் என்றால் எங்கேதான் ஓட்டுவது என்று கேட்டார். கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு இந்தக் கேள்வியா? இட்டேரி இருக்கிறதே! இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். பொள்ளாச்சி, தாராபுரம், காங்கயம் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கின்றன. மயில், கௌதாரி, அதிர்ஷ்டம் இருந்தால் கீரி. தோட்டத்துக்காரர் எதிரே வந்தால் இறங்கி நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் போதும், பாதிப் பேர் மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

இட்டேரியில் எமன் வேலமுள்தான். டியூப்லெஸ் டயரில் சீலண்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம், ஊற்றிக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், குலுக்கிப் பாருங்கள், தளதளவென்று கேட்காவிட்டால் திரும்ப ஊற்றணும். முள் ஏறினால் அங்கேயே பிடுங்காதீர்கள், பாதி நேரம் அந்த முள்ளேதான் ஓட்டையை அடைத்திருக்கும். அப்படியே கடைக்கு வாருங்கள். தம்பி மறு வாரமே பதினொரு முள்ளோடு வந்தார், ஹேண்டில்பாரில் பித்தளை மணி.