குச்சி ஐஸும் துருவக் கடல் பாசியும்

திருமங்கலத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குளிரில் எதுவும் வளராது என்றுதானே மாவை ஃபிரிட்ஜில் வைக்கிறோம்? அப்படியென்றால் துருவக் கடலின் பனிக்கட்டிக்குள் பாசி எப்படி வளர்கிறது?"

பதில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் ஐஸ் வண்டியிலேயே இருக்கிறது. ஆரஞ்சு நிறக் குச்சி ஐஸ் ஒன்றை வாங்கி நன்றாக உறிஞ்சுங்கள். நாலு இழுப்பில் இனிப்பும் நிறமும் வாய்க்கு வந்துவிடும். குச்சியில் மிஞ்சுவது சப்பென்ற வெள்ளைக் கட்டி. சாறு மட்டும் எப்படித் தனியாகக் கழன்று வந்தது?

தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண வரிசையில் ஒழுங்காகக் கைகோத்து நின்றுவிடுகின்றன. அந்த வரிசையில் சர்க்கரைக்கு இடமில்லை, சாயத்துக்கும் இல்லை. வெளியே தள்ளப்பட்ட சாறு, படிகங்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் உறையாமல் ஒதுங்கிக்கொள்கிறது. நாம் உறிஞ்சுவது அந்த இடுக்குகளைத்தான்.

கடலிலும் இதே கதைதான். ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. மைனஸ் 1.8 டிகிரியில் அது உறையத் தொடங்கும்போது உப்பு வெளியே தள்ளப்படுகிறது. அதில் ஒரு பகுதி கடலுக்குள் இறங்கிவிடும். மீதி, பனிக்கட்டிக்குள்ளேயே உப்புநீர்ச் சந்துகளாகத் தங்கிவிடும். முடியைவிட மெல்லிய சந்தும் உண்டு, விரல் நுழையும் சந்தும் உண்டு. மதுரை மாசி வீதிகளுக்குப் பின்னால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடும் சந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாசி குடியிருப்பது ஐஸில் இல்லை, இந்தச் சந்துகளில்.

எல்லாச் சந்தும் குடியிருக்க லாயக்கில்லை. மைனஸ் 10 டிகிரிக்குக் குளிர்ந்த மேல்பகுதியில் உப்பு கடலைவிட நாலு மடங்கு. அடிப்பக்கம் மட்டும் கடல் நீரைத் தொட்டுக்கொண்டு ஓரளவு 'வெதுவெதுப்பாக' இருக்கும். அதனால் பெரும்பாலான பாசி கடைசிச் சில சென்டிமீட்டரில்தான். கட்டியைப் புரட்டிப் போட்டால் அடிப்பாகம் டிகாஷன் நிறத்தில் இருக்கும். கண்ணாடி ஓடு போர்த்திய டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகள் அவை. மேலே பனி மூடியிருப்பதால் சூரிய ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூடக் கீழே வராது. அதையும் பிடித்துவைக்கத்தான் அந்தப் பழுப்பு நிறமி.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். இந்த டயட்டம்கள் தங்களைச் சுற்றி ஒரு கொழகொழப்பான பசையைக் கசிகின்றன. நம்மூர்க் கடைகளில் ஜிகர்தண்டாவில் போடும் கடல்பாசியும் பாசி தரும் பசைதான். ராமேஸ்வரம் பக்கம் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அதைக் காய்ச்சுகிறார்கள். டயட்டத்தின் பசையும் இந்தக் கடல்பாசியும் வேறு வேறு வேதிப்பொருள் என்றாலும், சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரே குடும்பம். துருவப் பசை, சந்துகளின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. உப்புநீர் வடிந்து போகாமல் நிற்கிறது, சந்தும் அடைபடுவதில்லை. கூடவே டயட்டம்கள் சில புரதங்களையும் கசிகின்றன. அவை ஐஸ் படிகத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அது பெருத்து வளரவிடாமல் தடுக்கும். குடியிருப்பவரே வீட்டைத் திருத்திக் கட்டிக்கொள்கிறார்!

"அண்டார்க்டிகாவில் நமக்கென்ன வேலை?" என்று டீக்கடையில் என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. 1989-இல் மைத்ரி, 2012-இல் பாரதி என்று அங்கே நம் நாட்டு ஆய்வு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இப்படிப்பட்ட வேலைக்குச் செலவழிப்பது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் தாராளமாகவே கொடுக்கலாம் என்பேன்.

சரி, இந்தப் பாசியை யார் தின்கிறார்கள்? தென்துருவத்தில், குளிர்காலத்தில் கடல் நீரில் மேய எதுவும் கிடைக்காதபோது, கூனி இறால் போன்ற கிரிலின் குஞ்சுகள் பனிக்கட்டியின் அடியில் தலைகீழாகத் தொங்கி இதைச் சுரண்டித் தின்கின்றன. கிரிலைப் பெங்குவினும் திமிங்கலமும் தின்கின்றன. வடதுருவத்தில் மெலோசிரா என்ற டயட்டம், ஐஸுக்கு அடியில் மீட்டர் கணக்கில் சடைசடையாகத் தொங்கும். 2012-இல் ஆர்க்டிக் பனி என்றுமில்லாத அளவு சுருங்கியபோது ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் அங்கே போனது. 4,000 மீட்டர் ஆழத்துக்குக் கேமரா இறக்கிப் பார்த்தார்கள். உருகிய ஐஸிலிருந்து கழன்ற மெலோசிராக் கட்டிகள் தரையெங்கும் கிடந்தன. கடலட்டைகள் வந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவை தின்னாமல் விட்ட கட்டிகளுக்கு அடியில் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கி, அந்த இடத்துச் சேற்றில் ஆக்சிஜனையே காலி செய்திருந்தன.