விரல் கண்டுபிடிக்கும் கட்டி: மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை எப்படி வேலை செய்கிறது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சிறு கருவிகளால் வீட்டுத் திண்ணையிலேயே அளந்து, மாத்திரையையும் அங்கேயே கொடுத்துவிட முடியும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. மார்பகப் புற்றுநோயை அப்படி அளக்க இயலாது. அதைத் தொடக்க நிலையில் நம்பகமாகக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டதாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. இறப்பு இவ்வளவு மிகுந்திருப்பதற்கு முக்கியக் காரணம், நம் பெண்களில் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவதுதான்.

வலி ஏன் இல்லை என்பதற்கு விடை, கட்டி வளரும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலான மார்பகப் புற்றுகள் பால் நாளங்களின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்களில் தொடங்குகின்றன. கட்டுப்பாட்டை இழந்த ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி 30 முறை இரட்டித்தால் 107 கோடி செல்கள் சேரும்; ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கட்டி அது. ஒருமுறை இரட்டிக்கப் பொதுவாகச் சில மாதங்கள் ஆவதால், கைக்குத் தென்படும் கட்டி பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்ததாகவே இருக்கும். இவ்வளவு காலமும் மென்மையான கொழுப்புத் திசுவுக்குள் அது நரம்புகளை அதிகம் நெருக்காமல் இடம்பிடித்துக்கொள்கிறது. “வலிக்கவில்லையே, தக்காளி அறுவடை முடியட்டும், பெண் கல்யாணம் முடியட்டும்” என்று தள்ளிப்போடுவதற்கு அந்த வலியின்மையே சாக்காகிவிடுகிறது.

வலியை எதிர்பாராமல் தேடிப் பார்ப்பதற்கான மிக எளிய முறை, பயிற்சி பெற்ற செவிலியரின் கைப் பரிசோதனை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இது செய்யப்பட வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், அரூர் பகுதிக் கிராமங்களில் ஸ்கேன் கருவி அருகில் இல்லாவிட்டாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் திரைமறைவில் இதைச் செய்துகொள்ளலாம். முதலில் கண்ணால் பார்க்கிறார்கள். கைகளை உயர்த்தும்போது தோல் ஓரிடத்தில் உள்நோக்கிக் குழிந்தால், மார்பகத்தைத் தாங்கும் நார்களைக் கட்டி இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். நிணநீர் ஓட்டம் அடைபட்டால் தோல் வீங்கி, சாத்துக்குடித் தோலைப் போலப் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். காம்பு புதிதாக உள்ளிழுபட்டிருப்பதும், அதிலிருந்து ரத்தம் கசிவதும் கவனிக்கப்படும்.

அடுத்து, நடு மூன்று விரல்களின் தட்டையான பகுதியால் சிறு வட்டங்களாக அழுத்தித் தடவுகிறார்கள். நகமோ நுனியோ பயன்படாது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தங்கள் உண்டு: தோலை ஒட்டியதற்கு மெல்லிய அழுத்தம், நடுத்திசுவுக்கு அதைவிடக் கூடுதல், விலா எலும்பை எட்டுமளவு ஆழமானது கடைசி. காறையெலும்பு முதல் மார்பகத்தின் அடி மடிப்பு வரை, நெஞ்சின் நடு எலும்பு முதல் அக்குள் வரை ஓரிடமும் விடுபடக் கூடாது. வெளிப்புற மேற்பகுதியில்தான் சுரப்பித் திசு மிகுதி என்பதால், சுமார் பாதிக் கட்டிகள் அங்கேயே தோன்றுகின்றன. வழுவழுப்பாக, விரலுக்கு நழுவி ஓடும் கட்டி பெரும்பாலும் ஆபத்தற்றது. கெட்டியாக, ஒழுங்கற்ற விளிம்புடன், இடம்விட்டு நகராத கட்டி சந்தேகத்துக்குரியது. உறுதி செய்வது விரலின் வேலையல்ல.

‘மெஷின் இல்லாத ஊருக்கு இதுதான்’ என்று இம்முறையை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. டாடா நினைவு மருத்துவமனை மும்பையில் 1998-இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அவர்களுக்கான பதில். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்த குழுவில், நோய் கண்டவர்களுள் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 37 சதவீதம்; இப்பரிசோதனை செய்யப்படாத குழுவில் 47 சதவீதம். 50 வயதைக் கடந்தவர்களிடம் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. அதைவிட இளையவர்களிடம் இறப்பில் அத்தகைய குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் தாமே தடவிப் பார்ப்பதால் மட்டும் இறப்பு குறையவில்லை என்று, ஷாங்காய் ஆலைத் தொழிலாளிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2002-இல் காட்டியது. ஆயினும் தற்செயலாகக் கைக்குத் தட்டுப்பட்ட கட்டியை அந்த வாரமே காட்டுவது வேறு விஷயம். அதற்கு எந்த ஆய்வும் தடை சொல்லவில்லை.

மாமோகிராம் என்பது குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே. கொழுப்புக்கும் புற்றுக்கும் அடர்த்தி வேறுபாடு மிகச் சிறியது என்பதால் வழக்கமான எக்ஸ்ரேயின் வலுவான கதிர் இரண்டையும் ஒன்றுபோல ஊடுருவிவிடும். வலுக்குறைந்த கதிரே வேறுபாட்டைக் காட்டும். இரு தகடுகளுக்கிடையே மார்பகத்தை அழுத்துவது பல பெண்களுக்குச் சங்கடமாக இருந்தாலும், திசு பரவி மெலிவதால்தான் படம் தெளிவாகிறது, கதிரும் குறைவாகப் போதுகிறது. கைக்கு எட்டாத, அரை மில்லிமீட்டருக்கும் சிறிய சுண்ணாம்புப் படிவுகளைக்கூட அது காட்டும். இளம் பெண்களின் மார்பகத்தில் சுரப்பித் திசு மிகுந்து படமே வெண்மையாக இருக்கும், புற்றும் வெண்மை. அதனால் அவர்களுக்கு அல்ட்ராசவுண்டே முதலில் உதவுகிறது.

சந்தேகம் எழுந்தால் ஊசியால் சிறு சதைத் துண்டு எடுப்பார்கள். “ஊசி பட்டால் பரவிவிடும்” என்ற பேச்சு எங்கும் உண்டு. அதை நம்பிக் காத்திருந்த மாதங்களில்தான் நோய் பரவுகிறது. அந்தத் துண்டில் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளும், செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதமும் தேடப்படும். ஈஸ்ட்ரோஜென் ஏற்பியுள்ள புற்று அந்த ஹார்மோனைப் பிடித்தே வளர்வதால், தமாக்சிஃபென் மாத்திரை ஏற்பியை அடைத்து அதைப் பட்டினி போடுகிறது. ஹெர்-2 மிகுந்திருந்தால் அதைத் தடுக்கும் டிராஸ்டுஸுமாப் ஊசி. மூன்றும் இல்லாவிட்டால் கீமோதெரபியே பிரதான மருந்து.

மார்பகம் முழுவதையும் அகற்றியாக வேண்டும் என்பது பழைய முடிவு. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதேதான் என்பதை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த நீண்ட ஆய்வுகள் நிறுவிவிட்டன. ஆனால் அந்தக் கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாளாகச் சுமார் மூன்று வாரங்கள் தொடர வேண்டும். பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ அத்தனை நாள் போய்வரும் கூலி வேலைக்காரப் பெண்ணுக்கு எது உகந்தது என்பதில் தூரமும் ஒரு மருத்துவக் காரணி ஆகிவிடுகிறது. அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேச வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. தமாக்சிஃபென் தினமும் ஒரு மாத்திரையாக ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள் தொடர வேண்டியது; உடம்பு நன்றாயிருக்கிறது என்று இடையில் நிறுத்தினால் அதன் பாதுகாப்பு குறையும், மாத்திரை எடுத்துவரும் காலத்தில், மாதவிடாய் நின்ற பின் ரத்தப்போக்கு கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.