உப்பு ஏறும்போது மரம் எந்த மரபணுவை எழுப்புகிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பெரும்பாலான மரங்கள் அதில் பிழைக்காது. அலையாத்தி மரங்களோ அதிலேயே வேரூன்றி வளர்கின்றன. அவற்றிடம் ஏதோ தனி மரபணு இருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உப்பைச் சமாளிக்கும் முக்கிய மரபணுக்கள் உப்பு தாங்காத செடிகளிலும் உண்டு. அவை எப்போது, எந்த செல்லில், எவ்வளவு வேலை செய்கின்றன என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம்.

உப்பு மண்ணில் வேரால் எளிதாக நீரை இழுக்க முடியாது. அப்புறம், உள்ளே நுழையும் சோடியம் பார்ப்பதற்குப் பொட்டாசியம் போலவே இருக்கும். பொட்டாசியத்தை நம்பி இயங்கும் நொதிகளில் அது இடம்பிடித்தால் வேலை முடங்கிவிடும்.

சோடியம் கூடிய சில நொடிகளிலேயே வேர் செல்லுக்குள் கால்சியம் அளவு உயர்கிறது. அதுதான் அபாய மணி. எஸ்ஓஎஸ்3 என்ற புரதம் அதை உணர்ந்து எஸ்ஓஎஸ்2-ஐத் தட்டி எழுப்ப, அது செல்சவ்வில் உள்ள எஸ்ஓஎஸ்1-ஐ முடுக்கிவிடுகிறது. எஸ்ஓஎஸ்1 சோடியத்தை வெளியே தள்ளுகிறது. இதுவரை புதிதாக ஒரு மரபணுவும் இயங்கத் தேவையில்லை. கையிருப்பில் உள்ள புரதங்களே போதும்.

மரபணுக்களின் முறை அடுத்துதான் வருகிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒட்டிக்கொண்டு அதை இயக்கும் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன. இவற்றில் ஒன்றே பல மரபணுக்களை ஒருசேர எழுப்பிவிடும். மிஞ்சிய சோடியத்தை செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பையில் அடைக்கும் என்ஹெச்எக்ஸ் என்ற புரதம், இலைக்கு ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை மீட்கும் ஹெச்கேடி என்ற புரதம், செல்லில் நீரைப் பிடித்துவைக்கும் புரோலைனைத் தயாரிக்கும் நொதிகள் எல்லாம் இப்படித்தான் பெருகுகின்றன.

மத்திய ஆசியப் பாலைவனங்களில் வளரும் யூப்ரடீஸ் பாப்லர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உப்பு தாங்காத அதன் உறவு மரங்கள் ஆபத்து வந்தபின் இயக்கும் சில மரபணுக்களை, இது உப்பு வருமுன்பே உயர்ந்த அளவில் இயக்கிவைத்திருக்கிறது.

என்னை அதிகம் ஈர்ப்பது பிரேசிலில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு. ஒரே வகை அலையாத்தி, ஆற்றோரத்தில் உயரமாகவும் உப்புச் சதுப்பின் அருகே குட்டையாகவும் வளர்ந்திருந்தது. இரு கூட்டத்துக்கும் மரபணு எழுத்துகளில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் டிஎன்ஏ மீது ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் வெகுவாக மாறியிருந்தன. எந்த மரபணு பேசலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை மாற்றக்கூடியவை அந்தக் குறிகள். உப்புச் சதுப்பு மரங்களில் அவை குறைவாகவே காணப்பட்டன.